வட்டக் கையெழுத்து

சோவியத் காலத்தில், வடக்கே ஒரு கிராமத்தில், ஒரு மனு பிறந்தது.

கொல்லன் யெஃபீமைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. உழவு நெருங்கியது. கலப்பைகள் உடைந்து கிடந்தன. 'யெஃபீமை எங்களோடு சேர்த்துவையுங்கள்' என்று மாகாண அதிகாரிக்கு எழுதினார்கள்.

கையெழுத்து என்றதும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள்.

"நீ முதலில் போடு, நிக்கனோர்."

"ஏன், பிடித்துக்கொண்டு போக என் கழுத்துதான் தோதா? நீ போடேன்."

யெஃபீமின் மனைவி மார்ஃபா ஒரு கிண்ணத்தை எடுத்துத் தாளின்மேல் கவிழ்த்தாள். சுற்றிக் கோடு இழுத்தாள்.

"கோட்டைச் சுற்றிப் போடுங்கள், பயந்தாங்கொள்ளிகளா! யார் முதல் என்று எந்தக் கொம்பனுக்கும் தெரியாது."

ஊரே போட்டது.

மனுவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மாகாண அலுவலக மேஜையில் விழுந்ததும் முத்திரையிடம் பீற்றிக்கொண்டது.

"பார்த்தாயா? ஓர் ஊரே என்மேல் இருக்கிறது. முதல் ஆள் யார், சொல் பார்ப்போம்!"

முத்திரை கொட்டாவி விட்டது. "எனக்கெதற்கு முதல் ஆள்? வந்த வேலையைச் சொல்."

"யெஃபீம் வேண்டும்."

"அதோ மூலையில் கிடக்கிறது அவன் கோப்பு. அதனிடம் கேள்."

கோப்பு ஒட்டி உலர்ந்து கிடந்தது. மனுவைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தது.

"எனக்குள்ளே ஒரே தாள். கூட்டத்தில் எவனோ பேசும்போது சிரித்தானாம். அதை வைத்து என்ன செய்ய? நேற்று அதிகாரியே எரிந்து விழுந்தார். 'இவனுக்கு எதற்குத் தண்டச் சோறு, விட்டுத் தொலையுங்கள்' என்றார்."

மனு துள்ளியது. "அப்படியானால் விட்டுவிடுவார்கள்!"

"விட்டிருப்பார்கள். நீ வராமல் இருந்திருந்தால்."

"நானா? நான் என்ன செய்தேன்?"

"ஒருத்தன் சிரித்தால் அவன் முட்டாள். ஊரே கூடி, யார் முதல் என்று மறைத்து, அவனுக்காக வட்டம் போட்டுக் கையெழுத்திட்டால், அதற்கு இங்கே பெயர் சதிக்கூட்டம்."

மனு தன்னை மடித்துக்கொள்ளப் பார்த்தது. பேசத் தெரிந்தால் போதுமா? காகிதம் காகிதம்தான். பெயர்கள் எல்லாம் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தன.

அதிகாரி வந்தார். படித்தார். வட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். ஒரு பெயரையும் விடவில்லை.

முத்திரை விழுந்தது: 'கோப்பில் சேர்க்கவும்.'

உழவுக்கு முன்பே லாரிகள் வந்தன. நிக்கனோர் ஏறினான். மார்ஃபா ஏறினாள். கையெழுத்திட்ட எல்லோரும் ஏறினார்கள். யெஃபீம் இருந்த கைதிகள் முகாமில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

மனு என்று வந்தால் பதில் தந்தாக வேண்டும். அங்கே அது விதி. தந்தார்கள்.

'யெஃபீமை உங்களோடு சேர்த்தாகிவிட்டது.'