மதகுக்கு மதகு மகாராஜா மீசை

உக்கிரமாறன் என்றொரு மகாராஜா இருந்தார். நாட்டை ஆண்ட நேரத்தைவிட மீசையை முறுக்கிய நேரம்தான் அதிகம். அவர் நாட்டில் ஏரி மதகு ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். மதகைத் திறந்து மூட அதில் ஒரு ஜாவா மென்பொருள். அந்த மென்பொருளைத் திறந்ததும் முதலில் வருவது மகாராஜாவின் படம். அவரோ அடிக்கடி மீசையை மாற்றுவார். உடனே அமைச்சர் தாண்டவராயரின் ஆட்கள் புதுப் படம் போட்ட சிடிகளை மூட்டை கட்டிக்கொண்டு குதிரை ஏறுவார்கள். போகிற ஊரெல்லாம் விருந்து! கடைசி மதகில் புதுப் படத்தை ஏற்றுவதற்குள் அரண்மனையில் மீசை மாறியிருக்கும்.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "நாளைக் காலையில் நான் மீசை முறுக்கினால், காலையிலேயே எல்லா மதகிலும் தெரிய வேண்டும். ஒருத்தரும் அரண்மனையை விட்டு நகரக் கூடாது!"

"நம்ம கூத்தபிரான்தான் சபையிலேயே கெட்டிக்காரர். அவர் செய்யட்டும்" என்றார் தாண்டவராயர். "முடியாவிட்டால் அவர் மீசையை எடுத்துவிடலாம்."

"முடிந்துவிட்டால்?" என்றார் கூத்தபிரான்.

"என் மீசையை எடுத்துக்கொள்ளய்யா!"

கூத்தபிரான் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆசை ஆசையாய் வளர்த்த மீசையாயிற்றே! ஆனாலும் உட்கார்ந்து யோசித்தார். மென்பொருளை அரண்மனை இணையதளத்தில் ஏற்றிவைத்தார். அங்கிருக்கும் இணைப்பை அமுக்கினால் போதும், அது தானே இறங்கித் தானே திறக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும், அரண்மனையில் புதிது வந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். மதகுக் காவலர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

மிச்சம் ராஜ முத்திரைதான். விரல் நீளக் கருவி அது. கம்ப்யூட்டரில் செருகினால், அனுப்புவது அரண்மனைதான் என்று அடையாளம் விழும். அது இருந்தது அமைச்சரிடம்.

"முத்திரையா? அடடா, ரிப்பேருக்குப் போயிருக்கிறதே" என்று உச்சுக்கொட்டினார் தாண்டவராயர்.

விடிந்தது. ராஜா மீசையை முறுக்கினார், படம் பிடித்து ஏற்றினார்கள். காவலர்கள் இணைப்பை அமுக்கினார்கள். 'அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை. திறக்கலாமா?' என்று கேட்டது கம்ப்யூட்டர். முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடாதே என்பது ராஜ கட்டளை. அத்தனை பேரும் 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டார்கள்!

"தோற்றான்! கூப்பிடுங்கள் நாவிதரை!" என்று துள்ளினார் தாண்டவராயர்.

கூத்தபிரான் பெருமூச்சு விட்டார். "சரி, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மகாராஜா, தண்டனை ஆணைக்கும் முத்திரை வேண்டுமே?"

"இதோ!" என்று மடியிலிருந்து முத்திரையை உருவி நீட்டினார் தாண்டவராயர்.

"பார்த்தீர்களா மகாராஜா? நேற்று உங்கள் மீசைக்குக் கேட்டேன், ரிப்பேர் என்றார். இன்று என் மீசை என்றதும் மடியிலேயே இருக்கிறது!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா முத்திரையைப் பிடுங்கித் தாமே செருகினார். காவலர்கள் மறுபடி இணைப்பை அமுக்கினார்கள். சற்று நேரத்தில் போன் மேல் போன். "மகாராஜா, மீசை வந்துவிட்டது!"

கூத்தபிரானுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. நாவிதர் தாண்டவராயரிடம் போனார்.

வேலை முடிந்ததும் அமைச்சர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். "எல்லை மதகுக்குப் போய் இருந்துவிட்டு, வளர்ந்ததும் வருகிறேன். அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது."

"தாராளமாய்ப் போய் வாருங்கள்" என்றார் கூத்தபிரான். "உங்கள் புதுப் படத்தை இப்போதுதான் ஏற்றினேன். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அது போய்ச் சேர்ந்திருக்கும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் முறுக்கிய மீசை அவிழ்ந்தே போயிற்று. கூத்தபிரானுக்கு மறுபடியும் வேலை வந்தது.