கறை படாத அடுப்பு மேடை

ஓய்வுபெற்ற தாசில்தார் நெல்லையப்பர் உத்தரவே போட்டுவிட்டார். “புது வீட்டு அடுப்பு மேடைக்கு வெள்ளை மார்பிள்தான். அதுல ஒரு கறை விழப்படாது!”

கறுப்பு கிரானைட் கேட்டிருந்த மருமகள் கோமதி, “சரி மாமா” என்றாள்.

மறுநாள் மத்தியானம் தயிர்ச்சோறும் வெள்ளரிப்பிஞ்சும். ராத்திரி இட்லிக்குச் சீனி. அதற்கடுத்த நாளும் தட்டில் அதே தயிர்ச்சோறு.

“புளிக்குழம்பு எங்கம்மா?” என்று எரிந்து விழுந்தார் மாமனார்.

“புளி பட்டா மார்பிளை அரிச்சிரும், மஞ்சப்பொடி சிந்துனா கறை போகாது மாமா. அதான் இப்பவே பழகிக்கிடுதேன்.”

தாசில்தார் வெள்ளைச் சோற்றையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “யம்மா, கறுப்புக் கல்லும் லட்சணமாத்தான் இருக்கும், என்ன?”

“இருக்கும் மாமா” என்றபடி, காலையிலேயே வைத்து மூடியிருந்த புளிக்குழம்புச் சட்டியைத் திறந்தாள் கோமதி.