கிடாருக்குள் ஒரு பெயர்

தூத்துக்குடி உப்பள முதலாளி வைரவநாதர் கலெக்டர் முன்னால்கூடத் தலை குனியாத மனுஷர். கிடார் செய்யும் லூர்தம்மாளிடம், "ஊர் விழாவுக்கு நான் கொடுக்கப்போற கிடார்லே என் பெயர் பெரிசா இருக்கணும். ஆனா, நாதம் இம்மியும் குறையக் கூடாது. குறைஞ்சா, என் இடத்திலிருந்து பட்டறையைக் காலி பண்ணிடு" என்று அதட்டினார்.

முகப்புப் பலகையோ அப்பளம் மாதிரி மெல்லிசு. உளி பட்டால் கிடார் ஊமையாகிவிடும்.

விழாவன்று லூர்தம்மாள் கிடாரை மடியில் வைத்து மீட்டினாள். கடைசி வரிசைவரை நாதம் நிறைந்தது.

"பெயர் எங்கே?" என்று சீறினார் முதலாளி.

"உள்ளே எழுதியிருக்கேன் முதலாளி. துளை வழியாப் பாருங்க."

குனிந்தார். தெரியவில்லை. இன்னும் குனிந்தார். சபை கொல்லென்று சிரித்தது.

லூர்தம்மாள் பணிவாகச் சொன்னாள்: "இனிமே உங்க பெயரைப் பார்க்கணும்னா, கலெக்டரே வந்தாலும் இப்படிக் குனிஞ்சுதான் ஆகணும், முதலாளி!"