ஏரி ஒழுகாமல் இருக்க ஒரு செயல்திட்டம்

ஓலக்காட்டூர்க்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதனால்தான் அந்த ஊரில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லாமல் நிம்மதியாக இருந்தார்கள். வெளியூரிலிருந்து ஓர் அலுவலர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதில் வந்ததுதான் இவ்வளவும்.

ஏரிக்கரையில் நண்டு ஓர் ஓட்டை போட்டிருந்தது. கட்டைவிரல் நுழையும், அவ்வளவுதான். ஆனால் கரைக்குக் கீழே முதல் வீடு நாச்சாயியின் வீடு. அவளும் நான்கு ஆடுகளும் அதில் இருந்தார்கள். வானம் வெளுத்திருந்தால் மழை வராதே என்று கவலைப்படுவாள், கறுத்தால் வந்துவிடுமே என்று கவலைப்படுவாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு எதிரே ஏரி ஒழுகினால் சோறு இறங்குமா? ஒரு கூடை களிமண்ணை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனாள்.

அங்கே ஏரிக்குழுவுக்குக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அலுவலர் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

"திட்டம் இல்லாம எந்த வேலையையும் தொடாதீங்க. இலக்கு என்ன, யார் பொறுப்பு, எந்தத் தேதி, என்ன இடர் வரும், எல்லாத்தையும் எழுதுங்க. வாராவாரம் அளந்து பாருங்க. அப்பத்தான் முன்னேற்றம் தெரியும். எழுதின தேதி தவறக் கூடாது."

புரிவதற்காகப் பொறுப்பாளர் கட்டத்தில் மாதேஸ்வரன் என்று ஒரு பெயரும், தேதிக் கட்டத்தில் இருபது என்றும் மாதிரிக்கு எழுதிக் காட்டினார். பிறகு இருபதாம் தேதி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாச்சாயி கூடையை இறக்கப் போனாள். தலைவர் சென்னியப்பன் கையை நீட்டித் தடுத்தார்.

"ஏனுங்க நாச்சாயி, திட்டம் இல்லாம மண்ணைக் கீழே போட்டுறாதீங்க."

"ஓட்டையில போட்டுட்டுப் போயிடறனுங்க."

"அதுதான் வேலை. வேலையைத்தான் தொடக் கூடாதுன்னாரு."

இடுப்பிலிருந்த கூடை இடுப்பிலேயே இருந்தது.

திட்டம் எழுத உட்கார்ந்தார்கள். இலக்கு: ஏரி ஒழுகக் கூடாது. இதில் சண்டையே வரவில்லை. பொறுப்பாளரில்தான் முட்டிக்கொண்டது.

"நம்ம ஊருல மாதேஸ்வரன் யாருமே இல்லியே" என்றார் செயலர் அங்கப்பன்.

"இல்லைன்னா தேடணும். ஆபீசர் சும்மா எழுதுவாரா?" என்றார் தலைவர்.

"எம் பேரை எழுதினா நானே அடைச்சிருவனே" என்றான் குழுவில் இளையவனான குப்பணன்.

"உம் பேரை ஆபீசர் எழுதலியே. உன் வேலை அளக்கறது" என்று அவன் தலையில் அளவு வேலையைக் கட்டினார் தலைவர்.

இடர் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. நடக்கக் கூடாதது நடந்துவிடுமோ என்று நினைப்பதுதான் இடர் என்று அங்கப்பன் விளக்கியதும், எல்லாரும் ஒன்றாக நாச்சாயியைப் பார்த்தார்கள். அந்த வேலையில் அவளுக்கு இருந்த அனுபவம் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

நாலாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில் அவள் எழுதினாள்: கரை உடையும். தண்ணீர் என் வீட்டுக்குள் வரும். நானும் ஆடுகளும் மொட்டைமாடியில் நிற்போம். கீழே கையெழுத்தும் போட்டாள். அதற்கப்புறம் கையெழுத்துப் போட்டோமே என்று கவலைப்பட்டாள்.

அடுத்த நாளே மாதேஸ்வரனைத் தேடிப் பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பிவிட்டார் தலைவர்.

முதல் வாரம் குப்பணன் அளந்தான். ஆழம் தெரிய வேண்டாமா? கடப்பாரையை ஓட்டைக்குள் விட்டு நாலு பக்கமும் ஆட்டிப் பார்த்தான்.

"போன வாரம் கட்டைவிரல். இந்த வாரம் என் கை முட்டி."

"பரவாயில்லியே, நல்ல முன்னேற்றம்" என்றார் அங்கப்பன்.

இரண்டாம் வாரம் ஓட்டைக்குள் குப்பணனின் தலை போனது. குழுவுக்கே பெருமை தாங்கவில்லை. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். நாச்சாயி தினமும் கூடையோடு வந்து, கூடையோடு திரும்பிப் போனாள்.

"அங்கப்பண்ணா, முன்னேற்றம் ஆக ஆக எனக்கு வயித்தைக் கலக்குதே."

"அது உன் கட்டம், அக்கா. நீ கலங்கிட்டே இரு. நாங்க எங்க கட்டத்தைப் பாக்கறோம்."

பதினேழாம் தேதி நல்ல மழை. ஏரி தளும்பியது. பதினெட்டாம் தேதி காலையில், பதினோரு கல் தொலைவிலுள்ள ஊரில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த ஒரு மாதேஸ்வரனைத் தலைவர் கண்டுபிடித்து அனுப்பிவைத்தார். அவர் புத்தியுள்ள மனிதர். ஓட்டையைப் பார்த்தார். நாச்சாயியின் கூடையைப் பார்த்தார். கூடையை வாங்கிக் களிமண்ணைத் திணித்து, மேலே ஒரு கல்லை வைத்து மிதித்தார். ஒழுகல் நின்றது.

"இதுக்கா என்னை இம்புட்டுத் தூரம் வரச்சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

நாச்சாயி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். கை கழுவுவதற்குள் குழு வாசலில் வந்து நின்றது.

"இன்னைக்குப் பதினெட்டு" என்றார் பின்னாலேயே ஊர் திரும்பியிருந்த தலைவர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

"ஆமாங்க."

"இன்னைக்கே அடைச்சுட்டா, இருபதாந்தேதி என்னத்தை அடைக்கறது? தேதி தவறக் கூடாதுன்னாரே."

"ஒழுகல் நின்னுருச்சுங்களே. அப்படியே விட்டுறலாமுங்க."

அங்கப்பன் தாளை அவள் முன்னால் விரித்தார்.

"உனக்காகத்தான் சொல்றோம், அக்கா. கரை உடையும், தண்ணி வரும், ஆட்டோட மாடியில நிப்பேன்னு எழுதியிருக்க. கையெழுத்தும் இருக்குது. இருபதாந்தேதி ஆபீசர் வந்து பாத்தா என்ன நினைப்பாரு? கவர்மெண்டு தாள்ல பொய் எழுதின பொம்பளைன்னு நினைக்க மாட்டாரா?"

நாச்சாயிக்கு இப்போது இரண்டு கவலை. வீடு போகுமே என்பது ஒரு கவலை. பொய்யெழுதி மாட்டிக்கொள்வோமே என்பது இன்னொரு கவலை. முதல் கவலை மூன்று வாரமாக இருந்து பழகிவிட்டது. இரண்டாவது புதியது, அதனால் அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

ஆடுகளை ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினாள். அரிசி மூட்டையை ஏற்றினாள். கரைக்குப் போய்க் கல்லை நகர்த்தி, களிமண்ணைத் தோண்டி எடுத்து, ஒரு துளி சிந்தாமல் கூடையில் நிரப்பினாள். தண்ணீர் துரத்தத் துரத்த ஓடி வந்து மாடியேறிவிட்டாள். மூன்று வாரம் கடப்பாரையால் அளந்த கரை அதற்குமேல் தாங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் ஏரி மொத்தமும் இடம் மாறி நாச்சாயியின் வீட்டைச் சுற்றி வந்து நின்றது.

இருபதாம் தேதி அலுவலர் வந்தார். கரையில் மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு வழி திறந்திருந்தது. அதன் நடுவில், கல்யாணப் பந்தியிலிருந்து எழுப்பி மறுபடியும் கூட்டிவந்த மாதேஸ்வரன், ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

"ஏரி ஒழுகுதா?" என்று அலுவலர் கேட்டார். வேறு என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு சொட்டு ஒழுகலீங்க. வேணுமின்னா உள்ளே இறங்கி நடந்து பாருங்க" என்றார் தலைவர்.

"குறிச்ச ஆளு, குறிச்ச தேதி" என்றார் அங்கப்பன்.

"கட்டைவிரல்ல ஆரம்பிச்சதுங்க" என்று குப்பணன் உடைப்பின் அகலத்தைக் கையால் காட்டினான்.

அலுவலரின் பார்வை தண்ணீருக்கு நடுவே போனது. அங்கே ஒரு மொட்டைமாடி, நான்கு ஆடுகள், இடுப்பில் மண்கூடையோடு ஒரு பெண்.

"அந்தம்மா அங்க என்ன பண்றாங்க?"

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுங்க சார். எங்க இடர்ப் பொறுப்பாளர். வேலையில இருக்காங்க."

நாச்சாயிக்கு அது காதில் விழுந்தது. தான் எழுதியதை மனதுக்குள் ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தாள். கரை உடைந்திருந்தது. வீட்டுக்குள் தண்ணீர் இருந்தது. ஆடுகளும் நின்றுகொண்டுதான் இருந்தன; ஒன்றைத் தவிர. அந்தக் கறுப்பு ஆடு மட்டும் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"எந்திரிடி. ஆபீசர் பாக்கறாரு" என்று பதறி அதைக் காதைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள்.