ஒரு கை விளாங்கொழுந்து

மலையடிவார மடத்தில் குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மருதப்பர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. சடைச்சியம்மாள் போகச் சொன்னால் போவார், இருக்கச் சொன்னால் இருப்பார்.

ஒரு சித்திரைக் காலையில் ஊரிலிருந்து ஆள் வந்தது. மருதப்பரின் மனைவி பேச்சி படுத்த படுக்கையாகக் கிடக்கிறாளாம். கஞ்சிகூட இறங்கவில்லையாம். "அவரு வந்தாரா?" என்று மட்டும் கேட்கிறாளாம்.

ஆள் போனபிறகு மருதப்பர் மடத்துக்குப் பின்னால் நின்ற விளாமரத்தடியில் போய் உட்கார்ந்தார். அம்மாளும் வந்து உட்கார்ந்தாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன் தாயி?"

"அப்படி என்ன செஞ்சீங்க?"

இருபத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அது பஞ்ச வருஷம். ஊரில் பச்சையாக நின்றது ஒரே ஒரு விளாமரம்தான். கொழுந்தைக் கிள்ளினால் பூ போய்விடும், யாரும் தொடக்கூடாது, பழம் எல்லா வீட்டுக்கும் பொது என்று ஊர்க் கட்டுப்பாடு. மரத்துக்குக் காவல் இவர். பேச்சி வந்து ஒரு கை கொழுந்து கேட்டாள். பிள்ளைக்கு அவித்துக் கொடுக்க வீட்டில் வேறொன்றும் இல்லை என்றாள்.

"பழம் வரட்டும்னு திருப்பி அனுப்பிட்டேன் தாயி. ஊருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமான்னு அப்ப பெருசாத் தெரிஞ்சுது."

"பழம் வந்துச்சா?"

"வந்துச்சு. கிளை தாங்காமக் காய்ச்சுது. எம் புள்ளதான் இல்ல."

பேச்சி அவரை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் வீட்டைவிட்டு வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெறுங்கையோட போக மனசு வரல. ஐப்பசியில இந்த மரம் பழுத்துரும். ஒரு கூடைப் பழத்தோட போயி அவ கால்ல விழுறேன். அதுக்குள்ள மனசையும் பக்குவப்படுத்திக்கிறேன். சரிதான தாயி?"

அம்மாள் எழுந்தாள். கைக்கெட்டிய கிளையை வளைத்துக் கொழுந்தை உருவினாள். முள் கீறியதைக்கூடப் பார்க்கவில்லை.

மருதப்பர் பதறிப்போய் எழுந்தார். "தாயி, பூவெல்லாம் கொட்டுதே."

அவள் அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தாள். கொழுந்தை அதில் வைத்து முடிந்து அவர் கையில் கொடுத்தாள்.

"கெளம்புங்க. பொழுது சாயுறதுக்குள்ள வாடிரும்."