நிறை குறையாத போர்வை

பனிமலை நாட்டு ராஜா நெடுங்கோவுக்கு எதிரிகளிடம் பயம் கிடையாது; குளிரிடம் உண்டு. மார்கழி பிறந்துவிட்டால் அவையில் சிம்மாசனம் தெரியும், ராஜா தெரியமாட்டார். போர்வைக்குள் இருப்பார்.

அந்தப் போர்வையைச் செய்தவள் நீலி. மலைச்சரிவில் ஆடு வளர்ப்பவள். வேறு எதுவும் கலக்காத கம்பளியை அதிகம் முறுக்காமல் நூற்று, அந்த நூலில் நெய்திருந்தாள். கன்னத்தில் வைத்தால் பூனைக்குட்டி ஒட்டிக்கொண்டது மாதிரி இருக்கும்.

ராஜாவின் ஆலோசகர்களில் வஞ்சிக்கொடி என்றொருத்தி. வாயாடி என்று பெயர். அதே அளவு பேசும் ஆண்களுக்கு அங்கே நாவலர் பட்டம். அவர்களுக்கெல்லாம் ஆசனம் உண்டு. இவள் மட்டும் தூணோரம் நிற்க வேண்டும். பெண்ணுக்கு ஆசனம் போடும் வழக்கம் இல்லையாம். மரம் கிடைக்கவில்லையா, தச்சர் கிடைக்கவில்லையா என்று எவரும் விளக்கவில்லை.

ஒருநாள் உடையறை அதிகாரி அம்பலவாணர் போர்வையோடு அவைக்கு வந்தார். பின்னால் இரண்டு காவலர்கள், நடுவில் நீலி.

"மகாராஜா, பாருங்கள் அநியாயத்தை" என்று விரித்துக் காட்டினார்.

ராஜா வாங்கிப் போர்த்திப் பார்த்தார். ஒரு தோளை மூடினால் மறுதோள் வெளியே வந்தது.

"போர்வை எங்கே? இது அதன் குழந்தை மாதிரி இருக்கிறதே."

"ஓர் இழை அறுந்திருந்தது. சரிசெய்ய இவளைக் கூப்பிட்டேன். பாதி நூலை உருவிக்கொண்டு போய்விட்டாள்."

"நான் எடுக்கல சாமி" என்றாள் நீலி. "ஒட்டவச்சுக் கொடுத்துட்டுப் போனேன். அப்போ முழுசாத்தான் இருந்துச்சு."

"பிறகு தானாகவே மெலிந்ததா?" என்றார் அம்பலவாணர். அவை சிரித்தது.

குளிரில் ராஜாவுக்குக் கோபம் சீக்கிரம் வரும். "இவள் ஆடுகள் அத்தனையும் இனி அரண்மனைக்கு" என்றார். நீலியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஆடுகளை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

"தீர்ப்புக்கு முன்னால் விசாரணை என்று ஒன்று உண்டு, மகாராஜா" என்றது தூணோரக் குரல்.

"வந்துவிட்டாயா? சரி, நீயே இதன் நிறைகுறையைச் சொல். நிறை குறைவாக இருந்தால் ஆடுகள் எனக்கு. இல்லாவிட்டால் அவளுக்கு. இதுதான் என் வாக்கு."

"குறையை நான் சொல்கிறேன்" என்று முந்திக்கொண்டார் அம்பலவாணர். "வெடுக்கென்று இழுத்தால் இழை அறும்."

"அறும்" என்றாள் வஞ்சிக்கொடி.

"உரசுகிற இடமெல்லாம் உருண்டை உருண்டையாகத் திரளும்."

"திரளும்."

"பூச்சி அரிக்கும். ஈரமானால் காய நாளாகும்."

"உண்மைதான்."

ராஜா தலையை நீட்டிப் பார்த்தார். "நீ யார் பக்கம்?"

"நூலின் பக்கம். அறுந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள், பார்ப்போம்."

ராஜா தடவித் தடவிப் பார்த்தார். ஒரு முடிச்சுகூட விரலில் தட்டவில்லை.

"இரண்டு நுனியையும் நனைத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் ஒன்றாகிவிடும். சுத்தக் கம்பளிக்குத்தான் அந்தக் குணம். சூடும் ஈரமும் உரசலும் கிடைத்தால் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும். ஓர் இழைக்குச் செய்தால் அது ஒட்டு. முழுப் போர்வையையும் வெந்நீரில் போட்டு அடித்தால்?" அம்பலவாணரைப் பார்த்தாள். "போன வாரம் மகாராஜா இதன்மேல் பாயசம் கொட்டினாரே. கறை எப்படிப் போயிற்று, ஐயா?"

"துவைத்தோம். வேட்டி துவைக்கிற மாதிரிதான், கொதிக்கிற நீரில்" என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு சமாளித்தார். "அதனால் என்ன? நான் குறைகளை அடுக்கினேன். அம்மணி ஒரே ஒரு நிறைதான் சொன்னார். எண்ணிப் பாருங்கள்."

"நிறையை எண்ணுவார்களா, ஐயா? நிறுப்பார்கள். தராசு வரட்டும்."

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. புதுத் துணி எது வந்தாலும், அதே எடைக்கு ஒரு கல்லைப் பையில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து உடையறையில் மாட்டிவிடுவார்கள். யாரும் பிறகு ஜரிகையைச் சுரண்டிவிடக் கூடாது என்பதற்காக. முத்திரை அம்பலவாணருடையது.

கல்லை ஒரு தட்டிலும் போர்வையை மறுதட்டிலும் வைத்தார்கள். முள் கொஞ்சம் ஆடியது. அப்புறம் நட்டநடுவில் நின்றது.

"நூல் திருடுபோயிருந்தால் போர்வைத் தட்டு மேலே போயிருக்கும். சுருங்கி அளவு குறைந்திருக்கிறது, நிறை குறையவில்லை. மகாராஜாவின் வாக்கும் நிறையைப் பற்றித்தான்" என்றாள் வஞ்சிக்கொடி.

"அந்த நிறை வேறு, இந்த நிறை வேறு" என்றார் அம்பலவாணர்.

"சந்தேகமென்றால் வெந்நீரில் போட்டுப் பார்ப்பதே முறை. கம்பளி தேறிவிட்டது. அதிகாரியையும் போட்டுப் பார்க்கலாமா?"

ராஜா சிரித்த சிரிப்பில், அந்தக் குளிரிலும் அவருக்கே வியர்த்துவிட்டது. ஆடுகள் நீலிக்கே என்றார். புதுப் போர்வைக்குப் புதுக்கூலி என்றார். இனி அரண்மனைக் கம்பளியெல்லாம் குளிர்ந்த நீரில், அம்பலவாணர் கையாலேயே அலசப்பட வேண்டும் என்றார். அதுவும் மார்கழியில்.

"உனக்கு என்ன வேண்டும், வஞ்சிக்கொடி?"

"அந்தச் சுருங்கிய போர்வை."

"அதுவா? குறைப்பட்ட பொருளாயிற்றே."

அவள் அதை வாங்கினாள். இழைகள் இறுகிப் போய்த் தடிமனாக, மெத்தென்று இருந்தது. நான்காக மடித்தாள். நாவலர்களின் வரிசையில் தரையில் போட்டாள். காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"பெண்ணுக்கு ஆசனம் வழக்கமில்லையே" என்று முனகினார் அம்பலவாணர்.

"ஆசனம் எங்கே இருக்கிறது, ஐயா? இது போர்வை. இப்போதுதான் நிறுத்துப் பார்த்தீர்கள்."

பிறகு ராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"போர்த்திக்கொள்ளக் குறைதான், மகாராஜா. உட்காருவதற்கு நிறை."