அதிகாரி தலைக்கு மேல் தர்பூசணி

கொரோனா நிவாரணத்துக்காகக் கன்னியப்பன் ஐந்தாவது தடவையாக அந்த அதிகாரி முன்னால் நின்றார். பணம் வந்தால்தான் அடுத்த விதைப்பு. இதுவரை செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"ஊரடங்குல தர்பூசணி விக்கலைன்னா, அன்னிக்குத் தேதி போட்ட போட்டோ எங்கய்யா?"

"இருந்தா கையெழுத்துப் போட்டுடுவீங்களா, சார்?"

"காட்டு, இப்பவே போடறேன்."

கன்னியப்பன் அலுப்போடு ஸ்டூலில் ஏறி, அதிகாரி தலைக்கு மேல் தொங்கிய படத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அதிகாரி ஏழைகளுக்குத் தர்பூசணி வழங்கும் படம். கீழே ஊரடங்கு நாளின் தேதி.

"லாரி வராம வயல்ல கெடந்ததை நீங்கதானே சும்மா ஏத்திட்டு வந்தீங்க? பின்னால பழத்தோட நிக்கறது நாந்தான்."

காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி முகத்தைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"படத்தை மாட்டிட்டுப் போய்யா."

"அது எப்படி சார்? இனிமே அது ஃபைல்லதானே இருக்கணும்!"